வாசகர் கேள்வி – பதில்: மெயில் சர்வரில் லாகினும் அனுமதியும்

இந்த முறை மெயில் சர்வர் கேள்விகள் மட்டும். கேட்டவர்கள் எல்லாருமே லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புவது), டவ்காட் (வந்த மெயிலைப் படிக்கத் தருவது) ஜோடியை வைத்திருப்பவர்கள். அடிக்கோட்டோடு வரும் அமைப்புப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில், அதே அடிக்கோடுகளோடு எழுதிக்கொள்ளுங்கள். டவ்காட் பற்றிய பதில்கள் 2.3 வரிசைக்கானவை. 2.4-இல் பல பெயர்கள் வேறு; அதைப் பற்றிக் கடைசிப் பதிலில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: போர்ட் 25, 465, 587 மூன்றும் திறந்திருக்கின்றன. மூன்றிலும் லாகின் வைக்க வேண்டுமா, ஒன்று போதுமா?

25-இல் லாகின் வேண்டவே வேண்டாம். அது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வாசல். வெளி சர்வர்கள் எதற்கும் உங்களிடம் கணக்கு கிடையாது. அங்கே லாகின் வைத்தால் பயன்படுத்தப் போகிறவர்கள் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் பாட்கள் மட்டும்தான். உங்கள் பயனர்களுக்கு உரியவை 465, 587. சாதாரண இணைப்பாகத் தொடங்கி ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளைக்குப் பிறகு மறையாக்கத்துக்கு மாறுவது 587. முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) பேசுவது 465. 2018-இல் வந்த இணையத் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 8314 பின்னதையே விரும்புகிறது. இரண்டையும் திறந்து வைத்து, புதியவர்களிடம் 465 என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மெயின்.சிஎஃப் கோப்பில் எஸ்எம்டிபிடி_சாஸ்ல்_ஆத்_எனேபிள் என்பதை 'நோ' என்று விட்டுவிட்டு, மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் சப்மிஷன், சப்மிஷன்ஸ் என்ற இரண்டு பகுதிகளின் கீழ் மட்டும் 'யெஸ்' என்று மாற்றுங்கள். (பழைய கோப்புகளில் இரண்டாவதன் பெயர் எஸ்எம்டிபிஎஸ்.) சப்மிஷனுக்கு எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல் 'என்க்ரிப்ட்', சப்மிஷன்ஸுக்கு எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_ராப்பர்மோட் 'யெஸ்'. இரண்டுக்குமே எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் மதிப்பு: பர்மிட்_சாஸ்ல்_ஆதென்டிகேட்டட், அடுத்து ரிஜெக்ட். லாகின் செய்தவர் போகலாம், மற்றவர் எவரும் போக முடியாது என்று பொருள்.

இங்கே கைதவறும் இடம் இடைவெளி. மெயின்.சிஎஃப்பில் சமக்குறியின் இருபுறமும் இடம் விடலாம். மாஸ்டர்.சிஎஃப்பில் கழித்தல் குறியும் ஓ எழுத்துமாகத் தொடங்கும் வரிகளில் சமக்குறியை ஒட்டி இடம் விட்டால் அமைப்பு உடையும். மதிப்புக்குள்ளும் இடம் கூடாது; காற்புள்ளி மட்டும் போடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் நெளி அடைப்புக்குள் வைத்தால் இடம் விடலாம். அந்த வரிகளின் தொடக்கத்திலோ இடம் விட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அது புதிய சேவையின் முதல் வரி என்று போஸ்ட்ஃபிக்ஸ் நினைத்துக்கொள்ளும். எழுதியது உண்மையில் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை போஸ்ட்கான்ஃப் கட்டளையைப் பெரிய எம், பெரிய பி விருப்பங்களோடு தனித்தனியே ஓட்டினால் காட்டிவிடும்.

மெயில் செயலி 465-இல் எதுவும் சொல்லாமல் தொங்கி, பிறகு டைம் அவுட் ஆகிறதா? செயலியில் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று தேர்ந்திருப்பார்கள். சர்வர் வணக்கம் சொல்லட்டும் என்று செயலி காத்திருக்கும். செயலி டிஎல்எஸ் தொடங்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். இருவர் மேலும் தப்பில்லை.

கேள்வி: ஐமேப்பில் மெயில் படிக்க முடிகிறது. அதே பெயர், அதே கடவுச்சொல்லோடு அனுப்பப் போனால் 535 (லாகின் தோல்வி) பிழை. இரண்டு நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

ஐமேப் லாகினை டவ்காட் நேரடியாகப் பார்க்கிறது. அனுப்பும்போது போஸ்ட்ஃபிக்ஸ் தானாகக் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதில்லை. சாஸ்ல் என்ற முறைப்படி வேறொருவரிடம் கேட்கிறது. அந்த 'வேறொருவர்' யார் என்று சொல்லாவிட்டால் அது சைரஸ் நூலகத்தைத் தேடிப் போகும். லாக்கில் சாஸ்ல்டிபி2 கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற வரி இருந்தால் உங்கள் நோய் இதுதான். எஸ்எம்டிபிடி_சாஸ்ல்_டைப் என்பதற்கு 'டவ்காட்', எஸ்எம்டிபிடி_சாஸ்ல்_பாத் என்பதற்கு 'பிரைவேட்/ஆத்' என்று கொடுங்கள்.

பாதையின் முன்னால் சாய்கோடு போடாதீர்கள். டெபியன் போன்றவற்றில் போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபி வேலையாள் குரூட் சிறைக்குள் ஓடுகிறது. அதன் கண்ணுக்கு /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் என்பதே மூல அடைவு. சிறைக்கு வெளியே இருக்கும் சாக்கெட் (இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் கோப்பு) அதற்கு இல்லாத ஒன்று. அதனால் டவ்காட்டின் ஆத் சேவையில் யுனிக்ஸ்_லிசனர் ஒன்றை /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/பிரைவேட்/ஆத் என்ற இடத்தில் உருவாக்கி, மோட் 0660, யூசரும் குரூப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் என்று வையுங்கள். லாக்கில் 'நோ சச் ஃபைல்' என்று வந்தால் பாதை தவறு. 'பர்மிஷன் டினைட்' என்று வந்தால் உரிமை தவறு. இரண்டும் வெவ்வேறு வியாதி. மருந்தை மாற்றிக் கொடுக்காதீர்கள். 0666 போட்டால் ஓடத்தான் செய்யும், ஆனால் அந்த அடைவை எட்டக்கூடிய எந்தப் புரோகிராமும் கடவுச்சொல்லைச் சோதித்துப் பார்க்கலாம் என்றாகிவிடும்.

சாக்கெட் சரி, இன்னும் 535 என்றால் போஸ்ட்ஃபிக்ஸை ஓரமாக வைத்துவிட்டு டவ்காட்டிடமே கேளுங்கள். டவ்ஏடிஎம் ஆத் டெஸ்ட் என்ற கட்டளையோடு பயனர் பெயரைக் கொடுத்தால் கடவுச்சொல் கேட்டு, தேர்வா தோல்வியா என்று சொல்லும். எக்ஸ் விருப்பத்தில் சர்வீஸ் என்பதற்கு 'எஸ்எம்டிபி' என்று சேர்த்தும் ஒருமுறை ஓட்டுங்கள். தரவுத்தளத்தில் 'இவருக்கு ஐமேப் உண்டு, அனுப்பும் உரிமை இல்லை' என்று தனித்தனிப் பத்தி வைத்திருப்பவர்களுக்கு விஷயம் இங்கேதான் பிடிபடும்.

அடுத்து பெயரின் வடிவம். ஐமேப் பெட்டியில் வெறும் பெயரையும், அனுப்பும் பெட்டியில் முழு முகவரியையும் கொடுத்திருப்பார்கள். சர்வரின் சிஸ்டம் கணக்குகளை பேம் (லினக்ஸின் சொந்த லாகின் சரிபார்ப்பு) வழியாகச் சரிபார்க்கிறீர்கள் என்றால் அங்கே டொமைன் ஒட்டிய பெயர் கிடையாது. ஆத்_யூசர்நேம்_ஃபார்மட் மதிப்பைக் கொண்டு டொமைனை வெட்டிவிட வேண்டும். கணக்குகள் தரவுத்தளத்தில் இருந்தால் முழு முகவரி மட்டுமே செல்லும் என்று வைப்பது பின்னால் தொல்லை தராது.

கையால் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு: ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் கட்டளையில் 587-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் விருப்பத்தை 'எஸ்எம்டிபி' என்று கொடுத்து இணையுங்கள். ஈஹெச்எல்ஓ சொன்னதும் வரும் பட்டியலில் ஆத் பிளெயின் லாகின் என்ற வரி இருக்க வேண்டும். டிஎல்எஸ் இல்லாமல் இணைந்தால் அந்த வரி வராது; எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_ஆத்_ஒன்லி வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. அடுத்து ஆத் பிளெயின் என்று எழுதி, பக்கத்தில் பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை) சரத்தை ஒட்டுங்கள். அந்தச் சரம் ஒரு சுழியன் பைட், பயனர் பெயர், இன்னொரு சுழியன் பைட், கடவுச்சொல் என்ற வரிசையில் இருக்க வேண்டும். சரியானால் 235 வரும்.

இந்தச் சரத்தைச் செய்வதில் நான்கு இடறல்கள். எக்கோ கட்டளை கடைசியில் ஒரு புதுவரியைச் சேர்த்துவிடும். அதுவும் கடவுச்சொல்லின் பகுதி என்று சர்வர் எடுத்துக்கொண்டு 535 சொல்லும். அதனால் பிரிண்ட்எஃப். அதில் சுழியன் பைட்டைப் பின்சாய்கோடும் ஒரே ஒரு 0-வுமாக எழுதினால், பெயரோ கடவுச்சொல்லோ இலக்கத்தில் தொடங்கும்போது அந்த இலக்கத்தையும் சேர்த்து எண்மமாகப் படித்துவிடும். எப்போதும் \000 என்று மூன்று 0 போடுங்கள். கடவுச்சொல்லில் % இருந்தால் பிரிண்ட்எஃப் அதை வடிவக்குறியாக எண்ணி விழுங்கும். இரட்டை %% போடுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் நீளமாக இருந்தால் பேஸ்64 கட்டளை 76 எழுத்தில் வரியை மடக்கும். மடக்காதே என்ற விருப்பத்தைக் கொடுங்கள்.

இதையெல்லாம் தாண்டி 235 வாங்கியவர்களும் அடுத்த படியில் விழுவதுண்டு. பெறுநர் கட்டளையைப் பெரிய எழுத்தில் அடித்ததும் இணைப்பு குழம்பும் அல்லது அறுந்துபோகும். சர்வர் துரத்தியதாக நினைக்க வேண்டாம். எஸ்_கிளையன்ட்டுக்கு வரியின் முதல் எழுத்து பெரிய ஆர் என்றால் டிஎல்எஸ்ஸை மறுபடி பேசு என்று பொருள். பெரிய கியூ என்றால் மூடு என்று பொருள். சின்ன எழுத்தில் அடியுங்கள், அல்லது குவயட் விருப்பத்தோடு ஓட்டுங்கள். முடிந்ததும் ஷெல் ஹிஸ்டரியில் பதிந்திருக்கும் கடவுச்சொல்லை அழித்துவிடுங்கள்.

கேள்வி: லாக்கில் 'சாஸ்ல் லாகின் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்பதற்குப் பின்னால் யு, ஜி, எஃப் என்று தொடங்கி 6-இல் முடியும் பன்னிரண்டு எழுத்துக் கிறுக்கல் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. யாரோ பயன்படுத்திய கடவுச்சொல்லா?

இல்லை. அதை பேஸ்64-இலிருந்து அவிழ்த்தால் கிடைப்பது 'பாஸ்வேர்டு' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும். லாகின் முறையில் சர்வர் அனுப்பிய கடைசிக் கேள்வியையே போஸ்ட்ஃபிக்ஸ் பிழை வரியின் கடைசியில் ஒட்டிவைக்கிறது. கவனிக்க வேண்டியது அதே வரியில் இருக்கும் ஐபி முகவரியை.

கேள்வி: பிளெயின் முறையில் கடவுச்சொல் அப்படியே போகிறது, சிராம்-எம்டி5 பாதுகாப்பானது என்று நண்பர் சொல்கிறார். மாறிவிடலாமா?

பிளெயினில் போவது பேஸ்64 மட்டுமே, அது மறையாக்கம் இல்லை என்பதுவரை நண்பர் சொல்வது சரி. ஆனால் இணைப்பு முழுவதும் டிஎல்எஸ்ஸுக்குள் இருக்கும்போது வழியில் ஒட்டுக்கேட்க ஆளில்லை. சிராம்-எம்டி5 1997-ஆம் ஆண்டு ஆர்எஃப்சியின் சரக்கு, டிஎல்எஸ் அரிதாக இருந்த காலத்தது. அதற்காக சர்வர் எல்லாருடைய கடவுச்சொல்லையும் மூல வடிவிலோ, திருடினால் அப்படியே லாகினுக்குப் பயன்படக்கூடிய இடைநிலை வடிவிலோ வைத்திருக்க வேண்டும். ஒழுங்கான ஹாஷ் (கடவுச்சொல்லைத் திருப்பி எடுக்க முடியாத வடிவம்) வைத்திருப்பவர்களால் அதைத் தரவே முடியாது. கம்பியைக் காக்கப் போய்க் கிடங்கின் கதவைத் திறந்து வைக்கிற வேலை. வேண்டாம்.

டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கி, பிளெயின், லாகின் இரண்டையும் மட்டும் வையுங்கள். லாகின் சில பழைய செயலிகளுக்காக. தரவுத்தளத்தில் வைக்கும் ஹாஷை டவ்ஏடிஎம் பிடபிள்யூ கட்டளையில் பிஎல்எஃப்-கிரிப்ட் அல்லது ஆர்கான்2ஐடி என்று கொடுத்து உருவாக்கலாம். வரும் சரத்தின் முன்னால் நெளி அடைப்புக்குள் இருக்கும் முறைப்பெயரை வெட்டாமல் சேமியுங்கள். வெட்டினால் டவ்காட் தன் இயல்பு முறைப்படி ஒப்பிட்டு, சரியான கடவுச்சொல்லையும் தவறு என்னும். ஆர்கான்2ஐடி நினைவகத்தை நிறையத் தின்னும். ஆத் சேவையின் விஎஸ்இசட்_லிமிட்டை 2 ஜிபி அளவுக்கு உயர்த்தாவிட்டால் நினைவகம் போதாமல் லாகின்கள் தோற்கும்; பார்ப்பவருக்கு அது கடவுச்சொல் பிழை போலவே தெரியும்.

கேள்வி: ஸ்பேம் பட்டியலில் எங்கள் ஐபி ஏறிவிட்டது. யாருடைய கடவுச்சொல்லும் திருட்டுப் போகவில்லை. லாக்கில் லாகினே இல்லாமல் ஆயிரக்கணக்கில் மெயில் போயிருக்கிறது. அனுமதிப் பட்டியலைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஓபன் ரிலே, அதாவது யார் கொடுத்தாலும் மெயிலை வெளியே கடத்திவிடும் சர்வர். லாகின் இல்லாமல் ஒருவர் வெளியே அனுப்ப முடிகிறது என்றால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள்.

ஒன்று, மைநெட்வொர்க்ஸ். அதில் இருக்கும் ஐபிக்கு லாகின் தேவையில்லை. 127.0.0.0/8-உம் ஐபிவி6-இல் அதற்கு இணையானதும் போதும். எஸ்எம்டிபிடி வேலையாள் கண்டெய்னருக்குள் ஓடுகிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும். சில டாக்கர் அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் இணைப்பு எல்லாமே 172.17.0.1 என்ற உள் முகவரியிலிருந்து வந்ததாகத் தோன்றும். அந்த வலையை மைநெட்வொர்க்ஸில் சேர்த்திருந்தால் உலகமே உங்கள் வீட்டு ஆள். மைநெட்வொர்க்ஸ்_ஸ்டைல் என்பதன் இயல்பு மதிப்பு போஸ்ட்ஃபிக்ஸ் 3.0-க்கு முன்பு 'சப்நெட்', அதாவது சர்வர் இருக்கும் வலை முழுவதும், 3.0 முதல் 'ஹோஸ்ட்'. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்து வந்தவர்கள் இதைப் பார்க்க வேண்டும். லாக்கில் வாடிக்கையாளர் ஐபியாக எல்லாவற்றுக்கும் ஒரே உள் முகவரி தெரிந்தால் தேடலை இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றொன்று நுட்பமானது. எஸ்எம்டிபிடி_ரெசிபியன்ட்_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் பட்டியலில் ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷனுக்கு முன்னால் செக்_சென்டர்_ஆக்ஸஸ் வைத்து, அந்தக் கோப்பில் சொந்த டொமைனுக்கு நேராக 'ஓகே' என்று எழுதியிருப்பார்கள். நம் ஆட்களின் மெயில் தடைபடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் 'ஓகே' என்றால் இந்தப் பட்டியலில் இனிப் பார்க்காதே, விடு என்று பொருள். அனுப்புநர் முகவரியை எவரும் எப்படியும் எழுதலாம். உங்கள் டொமைனைப் போட்டவுடன் கதவு திறந்துவிடும். அந்த இடத்தில் 'டன்னோ' என்று எழுதினால் அடுத்த விதிக்குப் போகும். இந்த விபத்தைத் தடுக்கத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் 2.10-இல் எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் தனிப் பட்டியலாக வந்தது. யாருக்கு ரிலே என்பது அதில், ஸ்பேம் விதிகள் ரெசிபியன்ட் பட்டியலில் என்று பிரித்து வையுங்கள். ஒரு பட்டியலில் கிடைத்த அனுமதி மற்றப் பட்டியலைக் கட்டுப்படுத்தாது.

சரிசெய்த பின் சோதனையை சர்வரிலிருந்தே செய்யாதீர்கள். அது மைநெட்வொர்க்ஸுக்குள் இருக்கிறது, எப்போதும் அனுமதிக்கும். கைபேசி டேட்டா போன்ற வெளி இணைப்பிலிருந்து 25-க்கு வந்து, வேறு டொமைன் பெறுநரைக் கொடுங்கள் (பல இணைய நிறுவனங்கள் 25-ஐ அடைத்து வைத்திருக்கும், அப்போது வேறொரு சர்வரிலிருந்து). 554 அல்லது 454 என்ற எண்ணோடு 'ரிலே ஆக்ஸஸ் டினைட்' வர வேண்டும். இரண்டு வித்தியாச முயற்சிகள்: அனுப்புநராக வெளி முகவரி ஒன்று, உங்கள் சொந்த முகவரி ஒன்று.

கேள்வி: லாகின் செய்த ஊழியர் ஒருவர் மேலாளரின் முகவரியைப் போட்டு மெயில் அனுப்புகிறார். சர்வர் தடுக்கவில்லையே?

இவர் யார் என்பதைத்தான் லாகின் உறுதிசெய்கிறது. எந்தப் பெயரில் எழுதலாம் என்பது வேறு கேள்வி. அதைத் தனியே சொன்னால்தான் போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியும். எஸ்எம்டிபிடி_சென்டர்_லாகின்_மேப்ஸ் என்பதில் ஒரு அட்டவணைக் கோப்பைக் காட்டுங்கள். இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் அந்த முகவரிக்கு உரிமையுள்ள லாகின் பெயர்கள், காற்புள்ளியால் பிரித்து. திருத்திய ஒவ்வொரு முறையும் போஸ்ட்மேப் ஓட்ட வேண்டும். சில புதிய லினக்ஸ் பதிப்புகளில் 'ஹாஷ்' என்ற அட்டவணை வகை (கடவுச்சொல் ஹாஷ் அல்ல) இல்லை. எல்எம்டிபி (LMDB) என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு 587, 465 பகுதிகளில் எஸ்எம்டிபிடி_சென்டர்_ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் மதிப்பாக ரிஜெக்ட்_ஆதென்டிகேட்டட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச். மீறினால் 553 எண்ணோடு 'நாட் ஓன்ட் பை யூசர்' என்று திரும்பும். இதை எந்தப் பர்மிட் விதிக்கும் முன்னால் வையுங்கள், இல்லாவிட்டால் இதுவரை வராமலே அனுமதி கிடைத்துவிடும். அட்டவணையில் இல்லாத முகவரியையும் இந்த விதி மறுக்கும் என்பதை மறக்க வேண்டாம். மாற்றுப்பெயர் வைத்திருப்பவர்கள் மறுநாள் காலையில் வரிசையில் நிற்பார்கள். அவற்றையும் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

ஒரு குறை: இது உறையின் மேல் எழுதிய அனுப்புநரை மட்டுமே பார்க்கிறது. பெறுபவர் திரையில் காணும் 'ஃப்ரம்' தலைப்பு கடிதத்துக்குள் இருக்கிறது. உறையில் தன் முகவரி, உள்ளே மேலாளர் பெயர் என்று எழுதினால் போஸ்ட்ஃபிக்ஸ் கவனிக்காது. அதற்கு ஆர்ஸ்பாம்டி போன்ற மில்டரில் (போஸ்ட்ஃபிக்ஸோடு சேர்ந்து மெயிலைச் சோதிக்கும் துணைப் புரோகிராம்) இரண்டையும் ஒப்பிடும் விதி வேண்டும்.

கேள்வி: தகவல் கேட்டு வரும் பொது முகவரியை நான்கு பேர் பார்க்கிறார்கள். ஒரே கடவுச்சொல்லை நால்வருக்கும் கொடுத்திருக்கிறோம். ஒருவர் விலகப் போகிறார். வேறு வழி?

ஐமேப் ஏசிஎல், அதாவது ஒரு கோப்புறையில் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல். நால்வரும் தங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, பொதுப் பெட்டியைப் பகிர்ந்த கோப்புறையாகப் பார்ப்பார்கள். விலகுபவரின் ஒரு வரியை எடுத்தால் முடிந்தது.

டவ்காட்டில் மெயில்_பிளகின்ஸில் ஏசிஎல், ஐமேப் பகுதியில் ஐமேப்_ஏசிஎல் சேர்த்து, 'ஷேர்ட்' வகை நேம்ஸ்பேஸ் ஒன்றை உருவாக்குங்கள். டவ்ஏடிஎம் ஏசிஎல் செட் கட்டளையால் உரிமை கொடுக்கலாம். படிக்க மட்டும் என்றால் லுக்அப், ரீட். படித்ததாகக் குறிக்க ரைட்-சீன். கொடி போட ரைட். நீக்க ரைட்-டிலீட்டட், எக்ஸ்பஞ்ச் இரண்டும். முதலாவது மட்டும் கொடுத்தால் நீக்கக் குறி விழும், மெயில் போகாது, 'அழித்தது திரும்ப வருகிறது' என்று புகார் வரும். அட்மின் உரிமையை யாருக்கும் தர வேண்டாம், அதை வைத்திருப்பவர் மற்றவருக்கு உரிமை வழங்கலாம்.

உரிமை கொடுத்தும் கோப்புறை செயலியில் தெரியவில்லையா? ஏசிஎல்_ஷேர்ட்_டிக்ட் அமைக்காமல் விட்டிருப்பீர்கள். யார் யாருக்குப் பகிர்ந்தார் என்ற குறிப்பேடு அது. அது இல்லாவிட்டால் டவ்காட்டுக்கு யாருடைய பெட்டியைப் பட்டியலில் காட்டுவது என்று தெரியாது. குறிப்பேட்டுக் கோப்பில் டவ்காட்டின் மெயில் பயனர் எழுத முடிய வேண்டும். ஒருவர் படித்தது நால்வருக்கும் படித்ததாகத் தெரிவது இயல்பு நிலை. யாராவது ஏற்கெனவே பார்த்துவிட்டார்களா என்று அறிய அது உதவும். ஆளுக்கு ஒரு கணக்காக வேண்டுமென்றால் நேம்ஸ்பேஸின் இடக்குறிப்பில் இன்டெக்ஸ்பிவிடி சேர்க்க வேண்டும்.

பொது முகவரியின் பெயரில் பதில் அனுப்ப, முந்தைய பதிலில் சொன்ன அட்டவணையில் அந்த முகவரிக்கு நேராக நால்வர் பெயரையும் எழுதுங்கள். விலகுபவருக்காக இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், அவ்வளவே.

கேள்வி: ஒருவரின் கடவுச்சொல் திருடப்பட்டு ஸ்பேம் போகிறது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம். ஆனாலும் நிற்கவில்லை!

கடவுச்சொல்லை மாற்றினால் புதிதாக வருபவனுக்குத்தான் தடை. ஏற்கெனவே உள்ளே இருப்பவனிடம் யாரும் மறுபடி கேட்பதில்லை. வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் போஸ்ட்சூப்பர் கட்டளையால் க்யூ முழுவதையும் ஹோல்டில் போடுங்கள்; அதில் காத்திருப்பவை வெளியே போகாது. டவ்காட்டில் ஆத்_கேஷ்_சைஸ் வைத்திருந்தால் பழைய கடவுச்சொல் ஒரு மணி நேரம்வரை செல்லலாம். டவ்ஏடிஎம் ஆத் கேஷ் ஃப்ளஷ் ஓட்டுங்கள். டவ்ஏடிஎம் கிக் கட்டளையால் அந்தப் பயனரின் ஐமேப் இணைப்புகளை வெட்டுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் திறந்த இணைப்பை அது தொடாது. போஸ்ட்ஃபிக்ஸ் அபார்ட், பிறகு ஸ்டார்ட். ரீலோட் போதாது, வேலையாட்கள் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். க்யூவில் இருப்பது அழியாது.

அடுத்து லாக்கில் சாஸ்ல்_யூசர்நேம் என்ற இடத்தில் அவர் பெயர் வரும் வரிகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் க்யூ எண் இருக்கும். அந்த எண்களைக் கோப்பாக்கி போஸ்ட்சூப்பரின் நீக்கும் விருப்பத்துக்கு, பெயருக்குப் பதில் ஒற்றைக் கழித்தல் குறி கொடுத்து உள்ளீடாகத் தந்தால் அவற்றை மட்டும் நீக்கும். அவசரத்தில் 'ஆல்' என்று கொடுத்தால் மற்றவர்களின் நல்ல மெயிலும் போய்விடும். நீக்கியதும் மீதியை ஹோல்டிலிருந்து விடுவியுங்கள். அனுப்புநர் முகவரியை வைத்துத் தேடாதீர்கள், திருடன் அதில் எதை வேண்டுமானாலும் எழுதியிருப்பான்.

கடைசியாகப் பயனரின் சீவ் விதிகளை (வரும் மெயிலைத் தானாகப் பிரித்து அனுப்பும் விதிகள்) திறந்து பாருங்கள். வரும் மெயிலையெல்லாம் வெளி முகவரிக்குத் திருப்பும் விதி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கடவுச்சொல் பத்து முறை மாறினாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.

அடுத்த முறைக்கு: எஸ்எம்டிபிடி_கிளையன்ட்_மெசேஜ்_ரேட்_லிமிட் ஐபிக்கு ஒரு வரம்பு வைக்கும், பயனருக்கு அல்ல. நூறு ஐபியிலிருந்து ஒரே கணக்கில் வருபவனை அது பிடிக்காது. லாகின் பெயரை வைத்து எண்ணும் வரம்பு வேண்டுமானால் ஆர்ஸ்பாம்டியின் ரேட்லிமிட் அல்லது ஒரு பாலிசி சர்வர் தேவை.

கேள்வி: ஃபெயில்2பான் வைத்த பிறகு அவ்வப்போது அலுவலகம் முழுவதுமே மெயிலுக்குள் போக முடியாமல் தவிக்கிறது.

லாகினில் திரும்பத் திரும்பத் தோற்கும் ஐபியைத் தடுப்பது ஃபெயில்2பானின் வேலை. அலுவலகம் முழுவதும் வெளியே ஒரே ஐபி. ஒருவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் கைபேசியில் பழையதை விட்டிருப்பார். அது ஓயாமல் முயன்றுகொண்டிருக்கும். இயல்பு அமைப்பில் 10 நிமிடத்தில் 5 தோல்வி என்றால் 10 நிமிடம் தடை. அலுவலக ஐபியை இக்னோர்ஐபியில் சேருங்கள். அதன் பின் டவ்காட் லாக்கில் எந்தப் பெயர் தோற்கிறது என்று பார்த்து அந்தக் கைபேசியைத் தேடுங்கள்; இக்னோர்ஐபி போட்டதோடு விட்டுவிட்டால் அந்தக் கைபேசி மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பழைய ஸ்கேனர் ஒன்று டிஎல்எஸ்ஸும் பேசாது, லாகினும் தெரியாது.

அதற்கு நிலையான உள் ஐபி கொடுத்து, அந்த ஒரு முகவரியை மட்டும் /32 என்று மைநெட்வொர்க்ஸில் சேருங்கள். வலை முழுவதையும் சேர்க்காதீர்கள். உள்ளேயே பெறுபவர்களுக்கு மட்டும் ஸ்கேன் போகிறது என்றால் அதுவும் தேவையில்லை. சொந்த டொமைனுக்கு வரும் மெயிலை 25 லாகின் இல்லாமலே ஏற்கும்.

கேள்வி: டவ்காட் 2.4-க்கு மாறியதும் சர்வீஸ் எழவே இல்லை. கோப்பில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

மாற்றாததுதான் காரணம். 2.4 பழைய கோப்பை ஏற்காது. முதல் அமைப்பாக டவ்காட்_கான்ஃபிக்_வெர்ஷன் இருக்க வேண்டும், பல பெயர்களும் புதியவை. லாகின் சம்பந்தமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று: டிசேபிள்_பிளெயின்டெக்ஸ்ட்_ஆத் போய் ஆத்_அலோ_கிளியர்டெக்ஸ்ட் வந்திருக்கிறது. அர்த்தம் தலைகீழ். பழையதில் 'யெஸ்' என்று இருந்தால் புதியதில் 'நோ'. பெயரை மட்டும் மாற்றி மதிப்பை அப்படியே விட்டால் சர்வீஸ் எழுந்துவிடும், டிஎல்எஸ் இல்லாத ஐமேப் போர்ட் 143-இல் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொள்ளும்.